மாரியாயி: ஒரு பெயரின் சமூக வரலாறு

மக்கட் பெயர்களை அகராதிப் பொருள் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. அவற்றை இட்டு வழங்கிய மக்களின் உற்பத்தி வாழ்வோடு இணைத்து நோக்குமிடத்தே அவற்றின் முழுப்பொருள் புலனாகும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை உள்ளடக்கிய சப்பிரகமுவத் தோட்டங்களில் முன்னைத் தலைமுறைப் பெண்கள் பலர் தாங்கியிருந்த 'மாரியாயி' என்னும் பெயரை இந்நோக்கில் ஈண்டு ஆராய்வோம்.

'மாரி' என்பது சங்க இலக்கியத்தில் மழையையும் மேகத்தையும் சுட்டுஞ் சொல். கொள்ளைநோயையும் சாவையும் குறிக்கும் 'மாரி' வடமொழித் தொடர்புடையது. இவ்விரு பொருள்களும் மாரியம்மன் என்னும் தெய்வத்தில் ஒன்றிணைந்தன. வெயில் கடுமையுற்ற காலத்தில் அம்மை நோய் பரவக்கண்ட வானம்பார்த்த நிலத்து உழவர், மழையைத் தருபவளும் நோயைத் தணிப்பவளும் ஒருத்தியே எனக் கொண்டனர். அம்மைக் கொப்புளத்தை 'முத்து' என்றழைத்த வழக்கும் இவ்வழிபாட்டைச் சார்ந்ததே. 'ஆயி' என்பது தாய். கருப்பாயி, வீராயி, ராக்காயி என்பனவற்றைப் போன்றே மாரியாயியும் சிறு உழவரும் நிலமற்ற கூலி மக்களும் பெரிதும் வழங்கிய பெயராகும். புராணத் தெய்வப் பெயர்களை நாடிய மேற்சாதியினரிடையே இத்தகைய பெயர்கள் அருகியே காணப்பட்டன.

1876-78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைப் பீடித்த பெரும் பஞ்சத்தின்போது மழை பொய்த்தது; இலங்கைத் தோட்டங்களுக்கான புலப்பெயர்வு பெருகியது. நிலமின்மையும் கடனும் சாதி ஒடுக்குமுறையும் அதற்கு ஏற்கெனவே களம் அமைத்திருந்தன. மழையின் பெயரைத் தாங்கியோர் மழையின்மையால் ஊர்பெயர நேர்ந்தமை மனங்கொள்ளத்தக்கது. பிற்காலத்தில் மண்டபம் முகாமில் இவர்கள் தொற்றுத்தடுப்புக் காவலில் வைக்கப்பட்டு அம்மைப்பால் குத்தப்பட்டபோது, பெயரின் மற்றைப் பொருளும் அவர்களை எதிர்கொண்டது எனலாம்.

வந்து சேர்ந்த இரத்தினபுரியிலோ ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பொழிந்தது. ஆயின், உழவனுக்கு வாழ்வளித்த மழை றப்பர்த் தோட்டத் தொழிலாளிக்குக் கூலியிழப்பாயிற்று. பால்வெட்டு அதிகாலையில் நிகழ்வது. பட்டை நனைந்திருப்பின் வெட்ட இயலாது. வெட்டியபின் மழை பெய்யின் சிரட்டையிலுள்ள பால் கழுவுண்டு போகும். வேலை நின்ற நாளிற் கூலியும் நின்றது. மழை ஒன்றே, உற்பத்தி உறவு மாறியதும் அதன் பொருள் மாறிற்று.

தோட்ட வழக்கில் 'பேர்' என்னுஞ் சொல்லும் புதுப்பொருள் பெற்றது. செக்றோலிற் பதியப்படும் ஒருநாள் வேலையே பேர். விதித்த அளவு குறையின் அது 'அரைப்பேர்' ஆகும். மனிதரின் அடையாளத்தைக் குறித்த சொல் அவர்தம் உழைப்பின் அளவையாயிற்று. அந்த அளவையிலும் சமத்துவம் இருக்கவில்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு கூலியை ஏற்றுக்கொண்டது. 1984இல் தோட்டங்களில் சமகூலி நடைமுறைக்கு வரும்வரை, மாரியாயியின் முழுப்பேர் மாரிமுத்துவின் முழுப்பேருக்கு ஈடாகவில்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் தொடர்ச்சியான வதிவை ஆவணங்கொண்டு நிறுவ வேண்டியிருந்தது. வீட்டிலே மாரியாயி, பதிவேட்டிலே மாரியம்மா, பிரட்டுக்களத்திலே மாரி எனப் பலவாறு அழைக்கப்பட்டவளுக்கு, மூவரும் ஒருவரே என மெய்ப்பிப்பது எளிதன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் தீர்வைப் பிற்போட்டது. இங்கு 'பேர்' என்பது வெறும் தலைக்கணக்காயிற்று. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே தீர்வளித்தது.

இன்று தோட்டந்தோறும் மாரியம்மன் திருவிழா நிகழினும், பெண்மக்களுக்கு மாரியாயி எனப் பெயரிடுவோர் மிகச் சிலரே. 'பட்டிக்காட்டுப் பெயர்' என்று இதனை இகழ்வோரும் உளர். பஞ்சத்தையும் கடலையும் கடந்துவந்து, அரைப்பேருக்கும் குறைகூலிக்கும் ஈடுகொடுத்து, இந்நாட்டின் ஏற்றுமதிச் செல்வத்தை உருவாக்கிய பெண்களின் பெயர் இது என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். மலையகப் பெண்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குச் செக்றோல்களிலும் குடியுரிமை விண்ணப்பங்களிலும் காணும் இத்தகைய பெயர்களே முதற் சான்றுகளாக அமையும்.