கோனோ மண்ணின் வைரம்

மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் சியரா லியோன் என்றொரு சிறு நாடு இருக்கிறது. 1991 மார்ச் முதல் 2002 ஜனவரி வரை உள்நாட்டுப் போர் ஒன்று அதனை அலைக்கழித்தது. வைரத்தால் மூண்ட போர் என்று அதனைக் கூறுவது உலக வழக்காகிவிட்டது. அவ்வழக்கு முழு உண்மையன்று என்பது என் கருத்து. வைரம் போரை நீளச் செய்தது, மறுப்பதற்கில்லை. ஆனால், வைரத்தைப் பங்கிடும் முறை பழுதுபட்டது போருக்கு நெடுங்காலம் முன்னரேயாகும். போர் ஓய்ந்த பின்னும் அப்பழுது முற்றும் நீங்கவில்லை.

அவ்வைரத்தின் இயல்பை நேயர்கள் முதலில் அறிதல் வேண்டும். நாட்டின் கிழக்கே, கோனோ மாவட்டத்தின் ஆற்றுப் படுகைகளில், சரளை மண்ணோடு கலந்தே அது கிடக்கிறது. மண்வெட்டியும் சல்லடையும் உடையவன் எவனும் தேடலாம். அதற்குக் காவல் போடுவது எளிதா? 1930-ல் வைரம் கண்டறியப்பட்ட சில ஆண்டுகளுக்குள் ஆங்கில அரசு ஒரே கும்பினிக்குத் தனியுரிமை வழங்கிற்று. மக்களோ இரவில் தோண்டினார்கள். வேறு வழியின்றி, 1956-ல் உள்நாட்டார்க்கும் உரிமம் அளிக்கும் திட்டம் வந்தது.

1968-ல் ஆட்சிக்கு வந்த சியாகா ஸ்டீவன்ஸ், சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்தவர். 1971-ல் கும்பினியின் 51 விழுக்காட்டுப் பங்கை அவர் அரசுடைமையாக்கினார். அரசுடைமை விரைவில் ஆட்சியாளரின் நண்பருடைமையாயிற்று என்றால் மிகையன்று. 1970-ல் 20 இலட்சம் காரட் அளவில் இருந்த முறையான ஏற்றுமதி, 1988-ல் 48 ஆயிரம் காரட்டாகச் சுருங்கியது. மண் வறண்டது ஓரளவே. பெரும்பகுதி கள்ளவழியில் எல்லை தாண்டிற்று. போர் தொடங்கியது அதற்கு மூன்றாண்டுகள் கழித்துத்தான்.

1999 ஜூலையில் லோமே நகரில் செய்த உடன்படிக்கை வியப்புக்குரியது. கிளர்ச்சித் தலைவர் போடே சங்கோவுக்குத் துணைக் குடியரசுத் தலைவர்க்கு நிகரான தகுதியும், கனிவளக் குழுவின் தலைமையும் தரப்பட்டன. கன்னமிட்டவன் கையிலேயே பெட்டியின் சாவி! மறு ஆண்டே அது முறிந்தது, சங்கோ சிறைப்பட்டார். 2000 ஜூலையில் அரசின் சான்றில்லாத சியரா லியோன் வைரங்களை வாங்கக் கூடாதென ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை தடை விதித்தது. 2003-ல் கிம்பர்லி ஏற்பாடு உலகளவில் நடைமுறைக்கு வந்தது.

பயன் கண்கூடு. 1999-ல் 12 இலட்சம் டாலராக இருந்த முறையான ஏற்றுமதி, 2005-ல் ஏறத்தாழ 14 கோடி டாலரை எட்டியது. ஆயினும் அரசு பெற்ற ஏற்றுமதி வரி 3 விழுக்காடே. கூட்டினால் என்ன எனலாம். கூட்டினால் கல் அண்டை நாட்டுக்கு நழுவிவிடும்; சட்டைப்பையில் அடங்கும் பொருளன்றோ! அவ்வரியில் நாலில் ஒரு பங்கு, தோண்டப்படும் ஊர்களின் நலனுக்கென ஒதுக்கப்பட்டது. சிலவிடங்களில் அது பள்ளியாயிற்று. சிலவிடங்களில் ஊர்த்தலைவர் கையோடு நின்றது.

குழிக்குள் நிலைமை பழையதே. உரிமம் பெற்றவர் ஒருவர்; பணம் போடுபவர் மற்றொருவர்; அவர்க்கு மேல் வணிகரும் ஏற்றுமதியாளரும். இடுப்பளவு நீரில் நின்று சலிப்பவனுக்கு அன்றாடம் சோறு. கல் அகப்பட்டால் ஒரு பங்கு. அக்கல்லின் விலையை அவனறியான். பணம் போட்டவரே கூறுவார். ஆயுதத்தைக் கீழே வைத்த இளைஞர் பலர் மீண்டும் சென்று சேர்ந்த இடமும் இக்குழிகளே.

பெருஞ்சுரங்கங்களும் அமைதியைத் தந்துவிடவில்லை. கொய்டு நகரில் பாறையை வெடி வைத்துத் தகர்க்கும் வைரச் சுரங்கத்தை எதிர்த்து 2007 டிசம்பரில் மக்கள் திரண்டபோது, துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். பின்னர் இரும்பின் காலம் வந்தது. 2013-ல் பொருளாதாரம் 20 விழுக்காடு வளர்ந்தது. அடுத்த ஆண்டே எபோலா நோயும் இரும்பின் விலைவீழ்ச்சியும் சேர்ந்து தாக்கின. இரு பெருங்கும்பினிகள் நொடித்தன. 2015-ல் பொருளாதாரம் ஏறக்குறைய அதேயளவு சுருங்கியது.

2017 மார்ச்சில் கோனோவின் கொர்யார்டு கிராமத்தருகே 709 காரட் எடையுள்ள கல்லொன்று கிடைத்தது. கண்டெடுத்தோர் அதனைக் கள்ளவழியில் விற்காமல் அரசிடமே ஒப்படைத்தனர். தலைநகர் பிரீடவுனில் ஏலம் கேட்ட விலை போதாதென அரசு மறுத்துவிட, டிசம்பரில் நியூயார்க்கில் 65 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. பிரீடவுனில் மறுத்த விலையோ அதனினும் அதிகம்.