அம்மானை முதல் தோட்டத் திடல் வரை: எறிந்தேற்கும் வித்தையின் வரலாறு

ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களை மாறிமாறி வானில் எறிந்து, நிலத்தில் விழாமல் கையேற்கும் வித்தை தமிழருக்குப் புதியதன்று. ஆயினும் நம் கலை வரலாறுகளில் கூத்துக்கும் இசைக்கும் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்கவில்லை. இக்கட்டுரை, இவ்வித்தை தெருவில் காண்போரைக் கவரும் ஓர் ஆட்டமாக எவ்வாறு உருப்பெற்றது என்பதையும், கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறத்தில் அதன் தடங்களை எவ்வாறு தேடலாம் என்பதையும் ஆராய முற்படுகிறது.

இலக்கியச் சான்றுகள் இருவகையின. ஒன்று, மகளிர் விளையாட்டு. சங்க நூல்கள் கழங்காடலைக் குறிப்பிடுகின்றன. சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் அம்மானை வரியும் கந்துக வரியும் ஊசல் வரியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பிற்காலத்தில் அம்மானை, பெண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்களுள் ஒன்றாகவும் கலம்பக உறுப்புகளுள் ஒன்றாகவும் நிலைபெற்றது. மற்றொன்று, தொழில்முறைக் கலை. குறுந்தொகையின் 7-ஆம் பாடல் கயிற்றின்மேல் ஆடுவோரின் பறையொலியை உவமையாக்குகிறது. நற்றிணையின் 95-ஆம் பாடல் கயிற்றில் நடந்த ஆடுமகளைக் காட்டுகிறது. முன்னது முற்றத்துக்குரியது, பின்னது ஊர் மன்றுக்குரியது.

அம்மானைச் செய்யுளின் அமைப்பு இங்குக் கருதத்தக்கது. மூவர் ஆடுவதாகக் கொள்ளும் பிற்கால வழக்கில், முதலாமவள் ஒரு செய்தியைக் கூறுவாள்; இரண்டாமவள் அதில் ஐயம் எழுப்புவாள்; மூன்றாமவள் சிலேடையால் விடை தருவாள். காய் கைமாறும்போதே பேச்சும் கைமாறுகிறது. கைத்திறனை மட்டும் நெடுநேரம் காண்போர் சலிப்புறுவர். வினாவும் விடையும் நகையும் உடன்வரின் அது நிகழ்ச்சியாகிறது. தெரு வித்தைக்காரர் தம் துணையாளுடன் நடத்தும் உரையாடலும் இதே தேவையை நிறைவேற்றுவதே.

தொழில்முறை ஆட்டத்தின் அமைப்பை அறிய நமக்குக் கிடைக்கும் தெளிவான சான்று தமிழ் நூல் எதிலும் இல்லை; இலண்டனில் உள்ளது. 1810-களில் அங்குச் சென்ற இந்திய வித்தைக்காரருள் ராமோ சாமி என அறியப்பட்டவர் புகழ்பெற்றார். இராமசாமி என்னும் பெயரின் திரிபே இஃது என்பது வெளிப்படை. 1819-இல் அவர் அமெரிக்காவிலும் ஆடினார். வில்லியம் ஹாஸ்லிட் 1821-இல் வெளியிட்ட இந்திய வித்தைக்காரர் பற்றிய கட்டுரையில் வருபவர் இவரே என்பது ஆய்வாளரின் பொதுவான கருத்து. ஆட்டம் இரண்டு பித்தளைப் பந்துகளில் தொடங்கி நான்கில் முடிந்தது என்கிறார் ஹாஸ்லிட். அத்திறனின் முன் தம் எழுத்துத் தொழில் குறைபாடுடையதாகத் தோன்றியதாகவும் ஒப்புகிறார். எழுத்தில் பிழை மறையலாம். பந்தாட்டத்தில் பிழை உடனே நிலத்தில் விழுந்து ஒலிக்கும். வாள் விழுங்குதலையோ அவர் வெறுத்தார். காவலர் தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்றே எழுதினார்.

இரண்டில் தொடங்கி நான்கில் முடிப்பதன் காரணத்தை இயற்பியல் விளக்குகிறது. கைக்கு மேல் 1 மீட்டர் உயரம் எறியப்படும் பந்து ஏறத்தாழ 0.9 நொடி வானில் நிற்கும். அந்நேரத்தை இருமடங்காக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். எனவே ஒவ்வொரு பந்தைக் கூட்டும்போதும் கை விரைய வேண்டும், அல்லது எறிதல் உயர வேண்டும். உயரம் கூடக்கூடச் சிறு கோணப்பிழையும் பெரிதாகும். மூன்று பந்துகள் கைமாறிக் குறுக்கே செல்வது இயல்பு. நான்கு பந்துகளை வழக்கமாகக் கைக்கு இரண்டாகப் பிரித்தே சுழற்றுவர். இந்நுட்பம் அறியாதவரும் எண்ணிக்கை ஏறுவதைக் கண்ணால் அறிவர். படிப்படியான இவ்வேற்றமே கூட்டத்தைக் கலையாமல் நிறுத்துகிறது. பறை கூட்டத்தைச் சேர்க்கும். எளிய ஆட்டம் நம்பிக்கை தரும். தவறுவது போன்ற நடிப்பு அச்சமூட்டும். அரிய ஆட்டத்துக்குச் சற்று முன்னரே தட்டு ஏந்தப்படும். முடிந்தபின் ஏந்தினால் கூட்டம் கலைந்துவிடும்.

இனி, நம் வட்டாரத்துக்கு வருவோம். கோலசிலாங்கூர்ப் பகுதியில் பிரெஞ்சு எழுத்தாளர் ஆன்றி ஃபோக்கோனியே தோட்டம் நடத்தினார். 1917-இல் மலாயாவின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டத்தை அவர் தொடங்கிய இடத்தின் பெயர் தென்னமரம். அப்பெயரே அங்குத் தமிழர் வாழ்வு ஊன்றியதற்குச் சான்று. எனினும் கங்காணி முறை உழவுத் தொழிலாளரையே பெரிதும் நாடியது. கழைக்கூத்துக் குடும்பங்களை அன்று. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தபின் புதிய வரவும் நின்றது. ஆகவே இங்கு இவ்வித்தை குலத்தொழிலாக வேரூன்ற வாய்ப்புக் குறைவு என்பது நம் கருத்து. அதன் கூறுகள் பிற கலைகளில் வாழ்ந்தன. தலையில் கரகத்தை நிலைநிறுத்துவதும், சிலம்பக் கழியைச் சுழற்றுவதும் கோயில் திருவிழாக்களில் தோட்ட மக்கள் கண்டவை. சிறுவர் கையில் கழங்கு ஐந்தாங்கல்லாயிற்று. மலாய்ச் சிறுவர் அதுபோன்ற ஆட்டத்தை 'பத்து செரம்பான்' என்பர். ஒன்றை எறிந்து, அது விழுமுன் மற்றதை எடுத்து, எறிந்ததைப் பிடித்தல் எறிந்தேற்கும் வித்தையின் முதற்பாடமே.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, லயன் வீடுகளோடு திடலும் போயிற்று. திடலின்றித் தெருக்கலை இல்லை. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. பழைய பெயரோடு தம் இளமையை நினைவுகூரும் முதியோர் இன்னும் உள்ளனர். வித்தை காட்ட வந்தவர் யாவர், எங்கு ஆடினர், என்ன பேசினர், எவ்வளவு பெற்றனர் என்பவற்றை வட சிலாங்கூர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டே பதிவுசெய்யலாம். அம்மானைச் செய்யுளைக் கற்பிக்கும் வகுப்பிலேயே ஐந்தாங்கல்லையும் ஆடச் செய்யலாம். பாட்டின் ஓசை ஏன் அவ்வாறு அமைந்தது என்பதை மாணவரின் கையே உணர்த்தும்.

ராமோ சாமி 1850-இல் வறுமையில் இறந்தார்; அவரது அடக்கச் செலவுக்கு அவர் மனைவி பொதுமக்களிடம் உதவி கோர நேர்ந்தது. ஹாஸ்லிட்டின் கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. ஆடியவரின் சொல் ஒன்றேனும் அதில் இல்லை. நம் தோட்டப்புறக் கலைஞர்க்கும் அந்நிலை நேராமற் காப்பது நம் கடமையாகும்.