துரு காத்த கச்சேரி

1980-களில் மயிலாப்பூர், தியாகராய நகர் வீடுகளில் கர்நாடக இசைக் கேசட் ஒன்றிரண்டாவது இருக்கும். அதன் பழுப்பு நாடாவில் பாட்டைத் தாங்கி நின்றது எது தெரியுமா? இரும்பு ஆக்சைடு, துருவுக்கு நெருங்கிய உறவு!

இரும்பு ஆக்சைடுகள் எல்லாம் ஒரே குணமுடையவை அல்ல. காவிக்கல்லுக்குச் சிவப்பு நிறம் தரும் ஹேமடைட்டிலும், நாடாவில் பூசும் மாக்ஹமைட்டிலும் இரண்டு இரும்பு அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு என்பதே கணக்கு. அணுக்களின் அடுக்குமுறைதான் வேறு. ஒவ்வோர் இரும்பு அணுவையும் குட்டிக் காந்தமாக எண்ணிக்கொள்ளுங்கள். ஹேமடைட்டில் எதிரெதிராக நிற்கும் இரு அணிகளும் ஏறத்தாழச் சமபலம் உடையவை. ஒன்றின் விளைவை மற்றது அழித்துவிடும். மாக்ஹமைட்டில் ஓர் அணி பெரியது; மிஞ்சிய பலமே காந்தமாக வெளிப்படுகிறது. இத்தகைய காந்தத்தை 1948-இல் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் லூயி நேயல் 1970-இல் நோபல் பரிசு பெற்றார்.

சமபல அணிகளால் என்ன பயன் என்று கேட்கலாம். 1956-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் மைக்கிள்ஜான், பீன் ஆகிய இருவர், கோபால்ட் ஆக்சைடு போர்த்திய நுண்ணிய கோபால்ட் துகள்களைக் காந்தப்புலத்தில் வைத்து, மைனஸ் 196 டிகிரி செல்சியசுக்குக் குளிரவைத்தனர். சாதாரணக் காந்தத்தை இருபுறமும் திருப்பச் சமமான விசை போதும். இங்கோ ஒரு புறம் திருப்புவது கடினமாயிற்று! ஆக்சைடுப் போர்வையின் சமபல அணிகளை வெளிப்புலம் எளிதில் அசைப்பதில்லை. எல்லையிலுள்ள அதன் அணுக்கள் பக்கத்துக் கோபால்ட்டைப் பிடித்துக்கொள்கின்றன. தேர்ச் சக்கரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் முட்டுக்கட்டை இட்டாற்போல! இதுவே ‘பரிமாற்றச் சாய்வு’.

இரும்பு ஆக்சைடுகளுக்குள்ளும் இது நிகழும். வுஸ்டைட் என்ற ஆக்சைடு மாக்னடைட்டை ஒட்டியிருந்தால் அதற்கு முட்டுக்கட்டையாகும். ஆனால் வுஸ்டைட்டின் அணிகள் ஒழுங்காக நிற்பது ஏறத்தாழ மைனஸ் 75 டிகிரிக்குக் கீழேதான். அதற்கு மேல் அணிவகுப்பு கலையும், பிடியும் நழுவும்.

பல ஆண்டுகள் ஆய்வுக்கூட விந்தையாகவே இருந்த இவ்விளைவு, பின்னர் கணிப்பொறியின் வன்தட்டுக்குள் புகுந்தது. 1988-இல் ஃபெர்ட், குருன்பெர்க் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே கண்ட பெருங்காந்தமின்தடையைப் பயன்படுத்தும் படிப்புமுனையை, 1997-இல் ஐ.பி.எம். தன் வன்தட்டில் பொருத்தியது. அதில் ஒரு காந்தப் படலம் தட்டின் பதிவுக்கேற்பத் திரும்பும். மற்றொன்று அசையாமல் நிற்க வேண்டும். அதை நிற்கவைப்பது பரிமாற்றச் சாய்வே.

இனி உங்கள் பரணுக்கு வருவோம். அங்கே கிடக்கும் கேசட்டில் காந்தப் பதிவு எளிதில் அழியாது. துகளை நாடாவோடு பிணைக்கும் பசைதான் ஈரக்காற்றில் மெல்லச் சிதையும். சென்னையின் கடற்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமேது? எனவே கேசட்டுகளை உலர்ந்த, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒலிக்கும் கருவி கிடைக்கும்போதே வன்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். துரு இன்னும் பாட்டை மறக்கவில்லை, பசை காத்திருக்காது.