தகரத் துண்டும் தொல்பொருட் சட்டமும்

ஹாலிஎலயின் பழைய லயன்களைச் சுற்றி உலோகங்காட்டும் கருவியோடு தேட விழைவோர் முதலில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தைப் படித்தல் வேண்டும். தொல்பொருள் தேடித் தோண்டுவதற்கு, சொந்த நிலமாயினும், தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. புதையல் வேட்டை மலிந்த நாட்டில் இது நியாயமே. ஆனால், தொல்பொருளுக்கு அச்சட்டம் வகுத்த எல்லை 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் வெள்ளையரிடம் கையளிக்கப்பட்ட நாள்!

ஊவாவுக்குக் கோப்பித் தோட்டங்களும் தமிழ்த் தொழிலாளரும் வந்தது அதன் பின்னரே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போய்ச் சேரவேண்டிய தோட்டத்தின் இலக்கத்தைப் பொறித்துத் தொழிலாளியின் கழுத்தில் தகரத் துண்டொன்றைக் கட்டி அனுப்பினார்கள், சரக்குக்குச் சீட்டு ஒட்டுவதுபோல. அத்துண்டு இன்று மண்ணிலிருந்து கிடைத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது தொல்பொருளன்று. அதைத் தேடவும், காணியுறுதி இல்லாத லயன் குடும்பம், தலைமுறைகளாகத் தான் பெருக்கிவந்த வாசலுக்கே தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. லயன் இடிக்கப்படும்போது அந்த மண்ணைச் சலித்துப் பார்க்கும் கடமையை இச்சட்டம் எவர்மீதும் சுமத்தவில்லை.