குறுகிய வடிவமும் குறையா இலக்கணமும்

பேச்சில் சொற்கள் குறுகி ஒலித்தல் பேசுவோரின் அசட்டையால் நேர்வது என்றும், அத்தகைய வடிவங்கள் கொச்சையானவை என்றும் கருதும் போக்கு நெடுங்காலமாக நிலவி வருகிறது. இப்போக்கு இலக்கண மரபுக்கும் மொழியியல் உண்மைக்கும் பொருந்துவதன்று. பன்மொழிச் சூழலில் வளரும் தமிழ்க் குழந்தைகளின் மொழிக்கல்வியை இது நேரடியாகப் பாதிக்கிறது. செகந்திராபாத்தை அடுத்த லாலாகுடா இதனை ஆராய்வதற்கு ஏற்றதொரு களமாகும்.

1806இல் உருவான செகந்திராபாத் படைமுகாமும், 1893இல் நிஜாம் அரசு ரயில்வே லாலாகுடாவில் நிறுவிய பணிமனையும் பிற பகுதி மக்களை இங்கு ஈர்த்தன. அவர்களுள் தமிழரும் அடங்குவர். தமிழ், தெலுங்கு, தக்கினி ஆகிய மூன்றும் இப்பகுதியில் அருகருகே வழங்குகின்றன. மூன்றிலும் பேச்சுவழக்கு குறுக்கமுடையது. ஆனால் அக்குறுக்கம் எழுத்தில் பெற்றுள்ள இடம் மொழிதோறும் வேறுபடுகிறது.

தமிழ் இலக்கண மரபு சொற்குறுக்கத்தை இழிவாகக் கருதவில்லை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பகுத்து, இலக்கணமுடையது, இலக்கணப்போலி என்பவற்றோடு மரூஉவையும் இயல்பு வழக்கினுள் அடக்கியது. தஞ்சாவூர் தஞ்சை எனவும், சோழநாடு சோணாடு எனவும் மருவுதல் இதன்பாற்படும். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வழங்கும் குழூஉக்குறியோ தகுதி வழக்கினுள் வைக்கப்பட்டது. எனவே, எல்லார்க்கும் பொதுவான குறுக்கமும் ஒரு சாராரின் மறைசொல்லும் வெவ்வேறானவை என்பது அன்றே உணரப்பட்டிருந்தது. எனினும் மரூஉ பெரும்பாலும் தனிச்சொற்களைப் பற்றியது. வினைமுற்றுகளில் நிகழும் குறுக்கம் விரிவாக ஆராயப்படவில்லை. 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறிய பெஸ்கியின் இலத்தீன் நூல், பொதுமக்கள் பேச்சைக் கொடுந்தமிழ் எனப் பெயரிட்டு அதற்குத் தனி இலக்கணம் வகுத்தது. பேச்சுக்கும் விதி உண்டு என்பதற்கு அந்நூல் ஒரு சான்று.

அவ்விதி யாது? ‘போகிறேன்’ என்பது ‘போறேன்’ எனக் குறுகும்போது இடைநிலையின் ஒரு பகுதியே மறைகிறது; எஞ்சிய றகரம் காலத்தையும் ‘ஏன்’ விகுதி இடத்தையும் காட்டுகின்றன. போனேன், போறேன், போவேன் என முக்காலமும் தெளிவாக வேறுபடுகின்றன. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்பவற்றின் ஈற்று மெய்கள் பேச்சில் கெடுகின்றன. ஆயினும் ஆண்பால் வடிவில் ஈற்றுயிர் மூக்கொலி பெறுகிறது. பெண்பால் வடிவில் பெறுவதில்லை. மெய் உணர்த்திய பாலை உயிர் உணர்த்துகிறது. ‘வந்துவிட்டான்’ ‘வந்துட்டான்’ ஆகிறது. ஆனால் ‘கையை விட்டான்’ என்னுமிடத்து ‘விட்டான்’ அவ்வாறு குறுகுவதில்லை. துணைவினையாய் நிற்கும்போது குறுகும் சொல், முதல்வினையாய் நிற்கும்போது முழுமை பெறுகிறது. தக்கினியிலும் ‘கர் ரஹா’ என்பது ‘கர்ரா’ என ஒலிக்குமிடத்துக் குறுகுவது துணைவினையே.

புனைந்த மொழியொன்றின் குறுக்கத்தோடு ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். ஸ்டார் டிரெக் திரைப்படங்களுக்காகக் கிளிங்கன் மொழியை உருவாக்கிய மொழியியலாளர் மார்க் ஓக்ரண்ட், 1985இல் வெளியிட்ட அகராதியில் குறுக்கப் பேச்சுக்கெனத் தனிப்பகுதி அமைத்தார். கட்டளையிடும்போதும், கட்டளைக்கு விடையிறுக்கும்போதும், பரபரப்பான நிலையிலும் முன்னொட்டுகளும் பிற ஒட்டுகளும் விடப்படலாம் என்பது அவர் வகுத்த விதி. அங்கு விடப்பட்ட பொருளைச் சூழல் நிரப்புகிறது. தமிழில் அதனைப் பெரிதும் சொல்லின் எஞ்சிய பகுதியே நிரப்புகிறது. ஆதலால் தமிழ்ப் பேச்சின் குறுக்கம் அவசரத்திற்கு மட்டும் உரியதன்று; ஓய்வான உரையாடலுக்கும் அதுவே இயல்பு.

தெலுங்கின் வரலாறு வேறு. கிடுகு வெங்கட ராமமூர்த்தி (1863–1940) முன்னின்று நடத்திய வழக்குமொழி இயக்கத்தின் பயனாக, ‘வச்சுசுன்னாடு’ என்னும் பழைய ஏட்டு வடிவுக்கு மாறாக ‘வஸ்துன்னாடு’ என்னும் பேச்சு வடிவு எழுத்தில் நிலைபெற்றது. தமிழில் ‘வர்றான்’ கதை உரையாடல்களில் இடம்பெறினும், பாடநூலின் பொதுநடைக்கு உரியது ‘வருகிறான்’ என்பதே.

இவ்வேறுபாட்டின் சுமை தமிழ்நாட்டுக்கு வெளியே மிகுதி. தமிழ்நாட்டுக் குழந்தை பள்ளியிலும் செய்தித்தாளிலும் மேடைப்பேச்சிலும் முழுவடிவைக் கேட்டும் கண்டும் பழகுகிறது. வீட்டில் மட்டும் தமிழ் பேசிப் பிறமொழியில் கல்வி கற்கும் குழந்தைக்கு அவ்வாய்ப்பு அரிது. தமிழ் நூலொன்றைத் திறக்கும்போது, தான் அறிந்த சொல்லே அயற்சொல்லாய்த் தோன்றுகிறது. அதன் பேச்சைக் கொச்சையென விலக்கினால், அக்குழந்தைக்குரிய ஒரே தமிழும் கைநழுவிப் போகக்கூடும்.

குறுக்கம் ஒழுங்குடையது என்பதால், அதனை எதிர்த்திசையில் விரித்துக் கற்பித்தலும் இயலும். ‘வந்துட்டான்’ என்பதிலிருந்து ‘வந்துவிட்டான்’ என்பதற்கும், ‘போறேன்’ என்பதிலிருந்து ‘போகிறேன்’ என்பதற்கும் செல்லும் விதிகள் சிலவே. அவற்றைப் பயிற்சிகளாக அமைத்தால், வீட்டு மொழியை அடிப்படையாகக் கொண்டே எழுத்துத் தமிழுக்குச் செல்லலாம். தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழ் கற்பிப்போருக்கான பாடநூல்கள் இவ்வழியைக் கைக்கொள்ளுதல் நன்று.