காலேஜுக்கு முன்னாடி ஒரு ராத்திரி

ப்ளஸ் டூ முடிச்ச கையோட கவுன்சிலிங், இன்ஜினியரிங், இப்ப பொட்டி தட்டுறேன். எதுக்குன்னு ஒரு நாள் கூட நின்னு யோசிச்சதில்ல.

ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் பள்ளி முடித்து, 1890-ல் உடம்பு முடியாத அம்மாவுக்குத் துணையாகத் திண்டிவனம் மிஷனுக்கு வந்தார். சீக்கிரம் திரும்பிடணும்னுதான் நினைப்பு. ஒரே ராத்திரியில் மூணு பேர், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்காக அவரைக் கூப்பிட வந்தாங்க. அப்பா டாக்டர்தான், ஆனா ஆம்பளை டாக்டர் வேண்டாம்னுட்டாங்க. விடியும்போது மூணு பெண்களும் உயிரோட இல்லை.

அதுக்கப்புறம்தான் மருத்துவம் படிக்கப் போனார். 1899-ல் கார்னெலில் பட்டம். 1900-ல் வேலூரில் ஒத்தைக் கட்டிலோட ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு சிஎம்சி. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தொடங்கினார்.

எதுக்குப் படிக்கிறோம்னு தெரிஞ்சுகிட்டு காலேஜ் வாசல் மிதிச்சவர். எனக்கு வேலைக்கு வந்து இத்தனை வருஷம் கழிச்சும் பதில் தெரியல. உங்களுக்கு மக்கா?