காய்ச்சல் மாறியும் மாறாத நோ: கடும் வைரஸ் தொற்றும் சுயநிர்ப்பீடன நோய்களும்

2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ-9 வீதி மூடப்பட்டது. அரிசிக்கும் மருந்துக்கும் கப்பலை எதிர்பார்த்திருந்த யாழ்ப்பாணத்தில், அந்த ஆண்டின் இறுதியில் சிக்குன்குனியா பரவியது. மட்டக்களப்பு, கல்முனை, மன்னார், புத்தளம், கொழும்பு எனப் பிற இடங்களிலும் மக்கள் வீடு வீடாகப் படுக்கையில் விழுந்தார்கள். காய்ச்சல் சில நாட்களில் விட்டது. மூட்டு நோ பலருக்கு மாதக்கணக்கில் விடவில்லை. பிறகு வந்த இடப்பெயர்வும் இழப்பும் அந்த நோவைப் பற்றிப் பேச இடம் வைக்கவில்லை. பேசியவர்களுக்கும் "எல்லாம் யோசினையால வாறது" என்ற பதிலே கிடைத்தது.

நீண்ட இடைவெளிக்குப் பின், 2025இல் சிக்குன்குனியா இலங்கையில் மீண்டும் தலைதூக்கியது. கொழும்பு, கம்பஹாவுடன் கண்டி மாவட்டத்திலும் நோயாளர்கள் பதிவானார்கள். பிலிமத்தலாவை, பேராதனைப் பக்கம் வாழும் தமிழர்களுக்கும் இது இப்போது அயலுக்கு வந்துவிட்ட விடயம். கடும் வைரஸ் தொற்று, உடலின் பாதுகாப்பையே உடலுக்கு எதிராகத் திருப்பிவிடுமா? சிலரில் திருப்பும் என்பதே மருத்துவம் தரும் பதில்.

உடல் தன்னையே தாக்குவது எப்படி?

கிருமி நுழைந்ததும் நிர்ப்பீடனத் தொகுதி அதை அடையாளம் கண்டு, பிறபொருளெதிரிகளை உருவாக்கி அழிக்கிறது. தன் உடலையும் அந்நியக் கிருமியையும் பிரித்தறிவதே அதன் முதல் வேலை. அந்தப் பிரித்தறிதல் பிழைத்து, சொந்த மூட்டையோ நரம்பையோ சிறுநீரகத்தையோ தாக்கத் தொடங்கும்போது ஏற்படுபவையே சுயநிர்ப்பீடன நோய்கள். முடக்குவாதம், லூபஸ், முதலாம் வகை நீரிழிவு ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை.

வைரஸ் இதற்கு வழிவிடும் விதங்கள் பல. வைரஸின் ஒரு பகுதி நமது புரதம் ஒன்றைப் போல இருந்தால், வைரசுக்கு எதிராக உருவான பிறபொருளெதிரி அந்தப் புரதத்தையும் தாக்கலாம். தொற்றுக் கடுமையாகிக் கலங்கள் சிதையும்போது, வழமையாக உள்ளே மறைந்திருக்கும் பொருட்கள் வெளியே வர, அவற்றை அந்நியமென நிர்ப்பீடனத் தொகுதி எண்ணலாம். அழற்சி கட்டுக்கடங்காமல் போனால், அதுவரை அடங்கிக் கிடந்த தவறான கலங்களும் விழித்துக்கொள்ளலாம். தொற்றின் கடுமை முக்கியமாவது இதனால்தான்.

ஆய்வுகள் சொல்வது

கொவிட் தொற்றால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட 147 பேரின் குருதியை அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடன் இணைந்தவர்களும் ஆராய்ந்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ பாதிப் பேரிடம் சொந்த உடலைத் தாக்கக்கூடிய பிறபொருளெதிரிகள் இருந்தன. ஆரோக்கியமானவர்களில் அந்த அளவு 15 சதவீதத்துக்கும் குறைவு. சிலரில் அவை வைத்தியசாலைக்கு வந்த பின்னரே புதிதாகத் தோன்றியிருந்தன. ஆனால் அத்தகைய பிறபொருளெதிரி இருப்பது மட்டும் நோய் ஆகாது. பலரிடம் அது எந்தத் தீங்கும் செய்வதில்லை.

2022இல் வெளியான மற்றொரு ஆய்வு, அமெரிக்கப் படைகளில் பணியாற்றிய 1 கோடிக்கும் அதிகமான இளம் வயதினரின் பதிவுகளைப் பார்த்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியவர்களுக்கு, நரம்புகளின் உறையை அழிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஏற்படும் வாய்ப்பு 32 மடங்கானது. உலகில் வயதுவந்தவர்களில் பெரும்பாலானோர் இந்த வைரஸைச் சுமந்தும், மிகச் சிலருக்கே அந்த நோய் வருகிறது. பரம்பரை, பால், வயது எல்லாம் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன.

சிக்குன்குனியாவின் கதையும் இதற்கு நெருக்கமானது. 2005–2006இல் இந்து சமுத்திரத்தின் ரீயூனியன் தீவில் மூன்றிலொரு பங்கினருக்கு அது தொற்றியது. அதன் பின் முடக்குவாதம் தோன்றிய 21 பேரை அங்குள்ள வைத்தியர்கள் பின்தொடர்ந்து பதிவு செய்தார்கள். நீடிக்கும் மூட்டு நோவுக்கு மூட்டினுள் தங்கும் வைரஸ் எச்சங்கள் காரணமா, வழிமாறிய நிர்ப்பீடனம் காரணமா என்ற விவாதத்தில் இரண்டு பக்கமும் சான்றுகள் உண்டு.

மனச்சுமையும் உடல் நோயும்

போரைக் கண்டவர்களின் நோவை மனதோடு மட்டும் முடிச்சுப் போடுவது நம்மிடம் வழமை. 2018இல் வெளியான சுவீடன் ஆய்வொன்று, மனவடு போன்ற அழுத்தம் சார்ந்த பாதிப்புள்ள 1 இலட்சத்துக்கும் அதிகமானோரை ஆராய்ந்தது. அவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 9.1 பேருக்குச் சுயநிர்ப்பீடன நோய் கண்டறியப்பட்டது. ஒப்பிடப்பட்ட பொதுமக்களில் அது 6.0. ஆகவே, "மனக்கவலைதான்" என்று சொல்லி உடலைப் பரிசோதிக்காமல் விடுவது தவறு. மனக்காயம் உள்ளவரின் மூட்டு நோவை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

எப்போது வைத்தியரிடம் செல்வது?

காய்ச்சலுக்குப் பின் சில வாரங்கள் சோர்வும் நோவும் இருப்பது வழமை. பெரும்பாலும் அது தானாக ஆறும். பின்வருவன இருந்தால் காத்திருக்க வேண்டாம்:

• ஆறு வாரம் கடந்தும் மூட்டுகள் வீங்கியிருத்தல், காலையில் அரை மணிக்கு மேல் விறைத்திருத்தல்.
• வெயில் பட்டதும் முகத்தில் சிவத்தல், ஆறாத வாய்ப்புண், அதிக முடி கொட்டுதல், நுரைத்த சிறுநீர், கால் வீக்கம். இவை லூபஸின் அறிகுறிகளாக இருக்கலாம். லூபஸ் பெரும்பாலும் இளம் பெண்களையே தாக்குகிறது.
• காலில் தொடங்கி மேலேறும் பலவீனம், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டம். இது கில்லன்-பாரே நோயாக இருக்கலாம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

ஈ.எஸ்.ஆர்., சீ.ஆர்.பி., ருமட்டொயிட் ஃபக்டர், ஏ.என்.ஏ. ஆகிய குருதிப் பரிசோதனைகளும் சிறுநீர்ப் பரிசோதனையும் வழி காட்டும். முடக்குவாதத்துக்கு ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் மூட்டு கோணுவதைப் பெருமளவு தடுக்கலாம். பார்மசியில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் குளிசை நோவை அடக்கிவிட்டு நோயை மறைக்கும். நீண்ட நாள் குடித்தால் எலும்பையும் நீரிழிவையும் மோசமாக்கும்; திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

பிலிமத்தலாவையில் இருப்பவர்களுக்குப் பேராதனை போதனா வைத்தியசாலை பக்கத்தில்தான். பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் சிங்களத்தில் நோயை விளக்குவது பலருக்குப் பெரிய தடை. காய்ச்சல் வந்த திகதி, நோ தொடங்கிய திகதி, எந்த மூட்டு, காலையில் எத்தனை நிமிடம் விறைப்பு, இதுவரை குடித்த மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, முடிந்தால் சிங்களத்திலும் எழுதுவித்துக் கொண்டு செல்லுங்கள். பழைய டெங்கு, கொவிட், சிக்குன்குனியா அறிக்கைகள் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அந்தத் தாள் இருந்தால், பல வருடத்து நோவையும் அந்த நேரத்துக்குள் சொல்லி முடிக்கலாம்.